காணாமல் போன நீலப் பட்டன்

எனக்குத் தன்னம்பிக்கைக்குக் குறைவே கிடையாது. அறிவுதான் அதன் வேகத்துக்கு ஓட முடியாமல் அடிக்கடி மூச்சு வாங்கும்.

தெலுங்கும் உருதும் புழங்கும் திருமுல்கேரியில் குடியேறிய புதிதில், வலைப்பக்கங்களுக்குப் பட்டன், படிவமெல்லாம் ஆயத்தமாகத் தரும், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஓப்பன் சோர்ஸ் தொகுப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன் (சம்பளம் கிடையாது, பந்தா மட்டும்தான்). அதற்கு நிறம் பூசித் தந்தது வேறொருவர் எழுதிய பழைய பேக்கேஜ் என்ற துணை நிரல். ‘இனி இதைக் கவனிக்க மாட்டேன், வேறு வழி பாருங்கள்’ என்று அவர் கைகழுவிவிட்டார். நிதானமாக மாற்றலாம் என்றார்கள் மற்றவர்கள். ‘ஒரே சனிக்கிழமை வேலை!’ என்று மார்தட்டினேன் நான்.

பழசைப் பிடுங்கினேன். என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன், நிறமெல்லாம் பளிச். உடனே வெளியிட்டும் விட்டேன். பழைய பேக்கேஜின் பிரதி ஒன்று என் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து நிறம் பூசிக்கொண்டிருந்தது இந்த மேதாவிக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலனிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்க என் மனைவி கவிதா ஆறு மாதமாக அலைந்திருந்தாள். மாலைக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் காலனி ஹால் ஜும்பா நடனக்காரர்களுக்குத்தான் என்று காலனிச் செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆன்லைன் சேர்க்கைப் படிவம் என் கைவண்ணம். அதே தொகுப்பில் செய்ததுதான், புது வெளியீடு வந்தால் தானாக எடுத்துக்கொள்ளும் (அதுவும் என் ஏற்பாடே).

மதியம் வரை ஒருவர்கூடச் சேரவில்லை. “யாருக்குமே தமிழ் வேண்டாம் போலிருக்குங்க” என்று கவிதா கண் கலங்கினாள். அப்போது எதிர்வீட்டு அமுதா அக்கா போனை நீட்டியபடி வந்தார். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் ரயில்வே குடும்பம் அவருடையது. அவர் தமிழில் ‘கைக்கு’ (ஏன்), ‘ஹவ்’ (ஆமாம்), ‘நக்கோ’ (வேண்டாம்) என்று உள்ளூர் உருதும் கலந்து வரும்.

“கைக்கு தம்பி இப்படி? பேரெல்லாம் எழுதிட்டேன், அனுப்புறதுக்குப் பட்டனையே காணோம்!”

“என் லேப்டாப்ல நல்லாத்தானே இருக்கு அக்கா?”

“ஹவ்! அப்போ பிள்ளைங்களையும் உங்க லேப்டாப்லயே உக்கார வெச்சுக்குங்க.”

வாங்கிப் பார்த்தேன். பட்டனின் நீலம் போய், வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்து. கவிதா நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பேனாவோடு பின்னால் ஓடினேன். வீடு வீடாக ஏறி, மாலைக்குள் பதினான்கு பெயர் எழுதினோம். ஹால் கிடைத்தது. தொகுப்புக்காரர்கள் என் திருத்தத்தை அன்றே தூக்கிக் கடாசினார்கள்.

போன வாரம், பால்கனியில் கிடந்த உடைந்த நாற்காலியை அப்புறப்படுத்தக் கை வைத்தேன். முன்பெல்லாம் எதைக் கேட்டாலும் தெலுங்கிலேயே பதில் சொன்ன என் மகள், அம்மாவின் வகுப்பில் படித்த தமிழோடு ஓடி வந்தாள் (பட்டனைப் பிடுங்கிய கதை அவளுக்கும் தெரியும்).

“நக்கோ டாடி! யாராவது உக்காந்திருக்காங்களான்னு முதல்ல பாருங்க!”

பார்த்தேன்.