ராஜதுரையைப் பிடித்த எந்திரம்

அரவேணு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில், துப்பறியும் எந்திரம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. பெயர் 'ஏஐ நேத்திரம்'. நகை திருட்டா, கோழி காணோமா, வேலியை யாராவது நகர்த்திப் போட்டார்களா? போய் உட்கார்ந்தால் போதும், ஆளைச் சொல்லிவிடும். பார்த்தால் சாதாரண லேப்டாப். ஆனால் நெற்றியில் சந்தனம், முன்னால் எலுமிச்சம்பழம், பக்கத்தில் காணிக்கைத் தட்டு. செயற்கை அறிவுக்கும் கண் திருஷ்டி உண்டு போலிருக்கிறது.

அதன் உரிமையாளர் மருதாசலம். கோயம்புத்தூரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு 'சைபர் மருதாசலம்' என்று திரும்பி வந்தவர். கேத்தியிலிருந்து கேரட் விவசாயிகள் ஜீப் பிடித்து வந்தார்கள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கக் கூசியவர்கள் இந்த மாடிப்படியில் முண்டியடித்தார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தினமும் சிரித்துக்கொண்டிருந்தவள், கீழே தையல் கடை வைத்திருந்த யூனிஸ். பக்கத்து வீட்டுப் பாலாமணியின் சங்கிலி தொலைந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. பாலாமணி மாடியேறிப் போனாள். எந்திரம் கணீரென்ற பெண்குரலில் அறிவித்தது: 'குற்றவாளி அண்டை வீட்டுப் பெண். கையில் ஊசி பிடிப்பவள். நிகழ்தகவு தொண்ணூற்றெட்டு சதவீதம்.'

அவ்வளவுதான். தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. நிகழ்தகவு என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் தொண்ணூற்றெட்டு பெரிய எண் அல்லவா?

யூனிஸ் அழுதாள். அழுது முடித்ததும் யோசித்தாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பாலாமணியை மறித்து ஒன்றே ஒன்று கேட்டாள்: மாடிக்குப் போன அன்று யூனிஸ் மேல் சந்தேகம் என்று யாரிடமாவது சொன்னாளா?

"மிஷின்கிட்ட நான் ஒண்ணுமே சொல்லலீங்க" என்றாள் பாலாமணி விறைப்பாக. "வரிசையில டீ குடுத்த சாந்தாமணி அக்கா, யார் மேல சந்தேகம்னு கேட்டாங்க. பாவம், அக்கறையா கேட்டாங்களேன்னு சொன்னேன்."

சாந்தாமணி மருதாசலத்தின் அக்கா. வந்தவர்களுக்கெல்லாம் இஞ்சி டீ கொடுத்து, முதுகைத் தடவி, ஆறுதலாக விசாரிப்பாள். பிறகு மூலையில் போய் செல்போனை நோண்டுவாள்.

யூனிஸுக்கு அது போதுமாக இருந்தது. தன் வீட்டிலும் ஒரு திருட்டு நடந்துவிட்டதாகச் சொல்லி, கூட்டம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மாடியேறினாள். துணைக்கு வரும்படி பாலாமணியையும் அழைத்தாள். திருடி வீட்டிலேயே திருட்டா என்ற ஆவலில் பாலாமணியும் போனாள்.

டீ வந்தது. சாந்தாமணி முதுகைத் தடவினாள். யூனிஸ் குரலைத் தாழ்த்தி, குக்கரைக் காணோம், ராஜதுரை மேல்தான் சந்தேகம், சமையல்கட்டையே சுற்றிச் சுற்றி வந்தான் என்றாள். பாலாமணி வரிசையில் சற்று முன்னால் நின்றதால் அது அவள் காதில் விழவில்லை.

முறை வந்தது. மருதாசலம் கற்பூரம் காட்டிவிட்டு, தட்டச்சுப் பலகையைப் படபடவென்று தட்டினார். எந்திரம் பேசியது.

'குக்கரைத் திருடியவன் ராஜதுரை. பழுப்பு ஸ்வெட்டர் அணிந்தவன். இடது கன்னத்தில் தழும்பு. குக்கரைச் சாக்கில் கட்டிக்கொண்டு கோத்தகிரி பஸ்ஸில் ஏறிவிட்டான். நிகழ்தகவு தொண்ணூற்றொன்பது சதவீதம்.'

கூட்டம் கைகூப்பியது. பாலாமணி மட்டும் கூப்பவில்லை. கண்ணை உருட்டி யூனிஸைப் பார்த்தாள், எந்திரத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க, ராஜதுரைங்கறது இவங்க ஊட்டு நாயிங்க. இப்பக்கூட என் வாசப்படியில படுத்திருக்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருதாசலம் சர்வர் கோளாறு என்றார், மலையில் சிக்னல் சரியில்லை என்றார். யூனிஸ் எட்டி லேப்டாப்பைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். திரையில், தட்டி எழுதியதை அப்படியே குரலில் வாசித்துக் காட்டும் ஒரு பக்கம், அவ்வளவுதான். ராஜதுரையும் ஸ்வெட்டரும் தழும்பும் எழுத்துப் பிழையோடு அதில் நின்றன. பக்கத்தில் கிடந்த மருதாசலத்தின் செல்போனில் அக்காவின் செய்தி: 'குக்கர். ராஜதுரை. சமையல்கட்டு.'

சிரித்த கூட்டம் சிரிப்பை விட்டுவிட்டுப் படியை அடைத்துக்கொண்டது. அக்காவும் தம்பியும் அன்று போலீஸ் ஜீப்பில் ஏறும்வரை யாரும் நகரவில்லை.

கீழே இறங்கியதும் பாலாமணி யூனிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஷின் என்னை ஏமாத்திப்போட்டுதுங்க" என்று அழுதாள்.

யூனிஸ் கையை உதறவில்லை. "உங்க மனசுல இருந்ததைத்தானுங்க அது படிச்சுக் காட்டுச்சு. வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது, இத்தனை நாள் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று. சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. ஊரே ஒரு தையல்காரியை முறைத்துக்கொண்டிருந்த நாட்களில், எடுத்தவன் நிம்மதியாக மலையிறங்கிப் போயிருப்பான். எந்திரத்துக்கு அறிவு வந்துவிட்டதா என்று அரவேணு டீக்கடையில் இப்போதும் சண்டை நடக்கிறது. சண்டை போடுகிறவர்கள் அதே கேள்வியை ஒருமுறை தங்களைப் பார்த்தும் கேட்டுக்கொள்ளலாம்.