கோங்குரா பச்சடியும் என் கல்யாணப் பேச்சும்

என் கல்யாணம் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. அந்தப் பொய்யை நான் வாய் திறந்து சொல்லவில்லை. திறக்கிற நிலையில் அன்று வாய் இல்லை, அவ்வளவுதான்.

ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், கூட வேலை பார்த்த ஸ்ரவந்தியைப் பெண் கேட்க மெட்டுகுடாவில் இருந்த அவள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். (மாயவரத்திலிருந்து அப்பா அம்மா வருவதற்குள் நானே நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்ற திமிர்.) அவள் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சில வருஷம் சென்னையில் இருந்ததால் தமிழ் பேசுவார். ஆனால் தமிழ்ப் பையன் என்றதும் அவருக்கு அரை மனசுதான் என்று ஸ்ரவந்தி எச்சரித்திருந்தாள்.

முதலில் சாப்பாடு போட்டார்கள். அவள் அம்மா ஒரு கிண்ணத்தைத் திறந்து, கோங்குரா பச்சடி என்றார். கோங்குரா என்றால் புளிச்சக்கீரை, அது தெரியும். பச்சடி என்றால் எங்கள் ஊரில் தயிரில் வெள்ளரிக்காய் மிதப்பது. தெலுங்கில் அதே சொல், மிளகாய் வற்றலை எண்ணெயில் வறுத்துக் கீரையோடு சேர்த்து அரைத்த துவையலைக் குறிக்கும் என்பது தெரியாது. (தயிரையே காணோமே, பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ என்று வேறு நினைத்தேன்.)

"பச்சடின்னா எனக்கு உயிருங்க" என்று நாலு கரண்டி வாங்கி, சோறு கலக்காமல் அள்ளி வாயில் போட்டேன்.

முதலில் புளித்தது. அப்புறம் காது அடைத்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. துப்பினால் எனக்குப் பெண் கிடைக்காது. விழுங்கினால் பெண்ணுக்கு நான் கிடைக்கமாட்டேன். விழுங்கினேன். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் அப்பா, தன் பெண்ணைக் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொள்வேனா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். விக்கலும் தேம்பலுமாக ஏதோ ஒரு சத்தம் வந்தது.

அவர் எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அழாதீங்க பாபு. இவ்ளோ ஆசை வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. பொண்ணு உங்களுக்குத்தான்."

விஷயம் புரிந்த ஸ்ரவந்தி, தயிரை என் பக்கம் நகர்த்திவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஏழு வருஷமாக மாமனார் இந்தக் கதையை எல்லா விசேஷத்திலும் சொல்கிறார். மறுக்க எனக்குத் துணிவில்லை. போன மாதம் என் மச்சினியைப் பெண் கேட்டு ஒரு பையன் வந்தான். நல்ல வேலை, நல்ல குடும்பம், மரியாதையான பேச்சு. அவன் போன பிறகு மாமனார் என்னைத் தனியே அழைத்துக் கவலையோடு சொன்னார்:

"எல்லாம் சரி பாபு. ஆனா பொண்ணு கேக்குறப்போ அவன் கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரலியே."