நெய்க்கிண்ணத்தின் பங்காளிகள்

சித்தூர் ஜில்லாவில் பிள்ளைகுட்டி இல்லாமலேயே ஒரு வம்சத்தை உண்டாக்கிய ஒரே ஆள் எங்கள் நெய்க்கிண்ணம்தான். இதை மறுப்பவர்கள் தாராளமாக என் வீட்டுக்கு வரலாம். வாசல் பலகையில் என் பேரைப் படித்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போகலாம்.

சித்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். தெலுங்குக்காரர்களுக்குப் பேருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக வரும் வீட்டுப் பேர் ஒன்று உண்டு; இன்டி பேரு என்பார்கள். இவருடைய இன்டி பேரு 'நேதிகின்னெ'. தமிழில் நெய்க்கிண்ணம். பியூன் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பேர் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்கு உங்கள் மனு எழுதின மாதிரிதான். சந்திரகிரிக் கோட்டையில் ராஜா சாப்பிட உட்காரும்போது நெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றவர் இவருடைய முப்பாட்டனாராம். ராஜா கண்ணைக் காட்டினால் ஒரு கரண்டி, கனைத்தால் இரண்டு கரண்டி. இது திங்கட்கிழமைக் கதை. வியாழக்கிழமை போய்க் கேட்டால், பெரிய பஞ்சத்தில் வீடு வாசலெல்லாம் போய் ஒரு நெய்க் கிண்ணம்தான் மிஞ்சியது என்பார். டீக்கடைக்காரர் கருத்து வேறு. "யாரு வூட்டு கல்யாணத்துலயோ கிண்ணத்த லவட்டிக்கினு ஓடியாந்திருப்பாங்க சார். அத்தொட்டு வந்த பேரு."

எது எப்படியோ, அந்தப் பேரில் அவரைத் தவிர உலகத்தில் இன்னொருத்தர் இல்லை. பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. மனைவியும் போய்விட்டாள். மனுஷன் அதற்காகச் சும்மா இருந்தாரா? 'நேதிகின்னெ குடும்பத்தார் யாராயினும், நெல்லூர்' என்று விலாசம் எழுதிக் கார்டு போடுவார். அப்புறம் கடப்பா, அனந்தபூர், குண்டூர். எல்லாக் கார்டும் போன வேகத்தில் திரும்பி வரும். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருப்பதிக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் பேர் எழுதின சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஏழுமலையான பாக்க வராத தெலுங்கு வூடு ஒண்ணு உண்டா? எங்க வாள்ளு, எங்க சனம், எங்க இருந்தாலும் ஒரு நாளு மொட்ட போட வந்துதான ஆவணும்? இங்கியே புடிச்சிட்டா ஆச்சு!"

அவர் தர்க்கத்தில் எனக்கு இன்றைக்கும் ஓட்டை தெரியவில்லை. ஆனால் ஆள்தான் யாரும் வரவில்லை. சிலேட்டைப் பார்த்துவிட்டு, நெய் சேர் என்ன விலை என்று கேட்டவர்கள் உண்டு.

இந்தச் சமயத்தில் ஆந்திரா தனி மாநிலமாயிற்று. நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடியானவர்கள் நாங்கள் திருதிருவென்று விழித்தோம். எந்தக் காகிதத்தை எடுத்தாலும் இன்டி பேரு என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது அதெல்லாம்? அப்பன் பேரில் முதல் எழுத்து, பின்னால் நம் பேர், தீர்ந்தது விஷயம். குமாஸ்தா வேலைக்கு மனுப் போடுவதற்காக நான் புங்கமரத்தடிக்குப் போனேன்.

"இன்டி பேரு செப்பு தம்பி," என்றார்.

"எங்க வூட்டுக்கு பேரெல்லாம் இல்ல சார். வேப்பமரத்து வூடும்பாங்க."

"மரமெல்லாம் ஒரு பேரா? கட்டத்த காலியா வுட்டா மனு குப்பைக்குத்தான் போவும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்க பெரியவங்க எங்கேர்ந்து வந்தவங்க?"

"சந்திரகிரி பக்கம்னு எங்க நைனா சொல்லிக்கினு இருப்பாரு."

மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். "சந்திரகிரியா! அப்டி சொல்லு! உன் மூக்க பாத்தப்பவே எனுக்கு சந்தேகம். நீ நம்மவாடு ரா!"

கோவிந்தசாமியாகப் போனவன் நேதிகின்னெ கோவிந்தசாமியாகத் திரும்பி வந்தேன். எழுத்துக் கூலி கொடுத்ததற்கு, "பங்காளி கிட்ட கூலியா? சீ!" என்று கையைத் தட்டிவிட்டார். வேலையும் கிடைத்தது. எங்கள் நைனாதான் குதித்தார். "பலராமன்ற என் பேரு மொதல்ல நின்னுக்கினு இருந்துச்சே, அத்த எவன்டா பின்னால தள்ளனது?" ராஜா கதையைச் சொன்னேன். அன்று ராத்திரியிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இன்னும் ரவ நெய் ஊத்து. நாம யாரு வம்சம்?" என்று அம்மாவை ஒரு வழி பண்ணிவிட்டார்.

இந்தப் பாக்கியம் எனக்கு மட்டும்தான் கிடைத்தது என்று நினைத்திருந்தேன். மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. வீட்டுப் பேர் இல்லாமல் புங்கமரத்தடிக்கு எந்தத் தமிழன் வந்தாலும் நெய்க்கிண்ணம் தன் பேரைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊர்த் தெரு, காலனித் தெரு என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. மூக்கு ஒவ்வொன்றும் சந்திரகிரி மூக்காகவே அவருக்குத் தெரிந்தது.

பேரைக் கொடுத்ததோடு விட்டாரா என்றால், அதுதான் இல்லை. பங்காளி முறைக்கு உண்டான அத்தனையும் செய்தார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பத்து நாள் தீட்டு அல்லவா? பேர் வாங்கின குடும்பம் எங்கே இருந்தாலும், சாவு என்று காதில் விழுந்த உடனே இவர் மீசையை எடுத்துவிடுவார். பத்து நாள் கோயில் கிடையாது, நல்ல காரியம் கிடையாது, வெறும் தரையில் படுக்கை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் தீட்டிலேயே இருந்தார். காணிப்பாக்கம் பிள்ளையார் பக்கத்திலேயே இருந்தும் போய்ப் பார்க்க அவருக்கு நாள் அமையவில்லை. எங்கள் சித்தப்பா செத்தபோது பஸ் பிடித்து வந்து, எங்களைவிடச் சத்தமாக அழுதார். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, சத்தியவேடு எங்கள் ஆந்திராப் பக்கம் வந்தது. சத்தியவேட்டுக்காரர்களும் நிலத்துக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கு வந்தார்கள். யாரிடம் போயிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? எனக்கு அது தெரியாமல் போனதுதான் வினை.

புத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் கஸ்தூரியைப் பார்த்தேன். பந்தியில் எனக்கு ரசம் ஊற்ற வந்தாள். நான் போதும் என்று சொல்ல மறந்ததில், ரசம் இலையைத் தாண்டி வேட்டி வரைக்கும் வந்துவிட்டது. "வாயில நாக்கு இல்லியா?" என்று கேட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். சத்தியவேடு பக்கத்துப் பெண், அப்பா ரங்கசாமி குடியானவர். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய் ஒரே வாரத்தில் நிச்சயதார்த்தம் என்றானது. நெய்க்கிண்ணத்தையும் கூப்பிட்டேன். பலமனேரில் ஒரு கிழவர் செத்து, தீட்டில் இருக்கிறேன், நல்ல காரியத்துக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெண் வீட்டில் தெலுங்குப் புரோகிதர் லக்னப் பத்திரிகை எழுத உட்கார்ந்தார். "பிள்ளை வீட்டு இன்டி பேரு?" என்றார். எங்கள் நைனா நெஞ்சை நிமிர்த்தி, "நேதிகின்னெ!" என்றார். "பெண் வீட்டு இன்டி பேரு?" ரங்கசாமியும் அதே மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, "நேதிகின்னெ! சந்திரகிரி ராஜாவுக்கு நெய் ஊத்தன வம்சம்!" என்றார்.

புரோகிதர் பேனாவை மூடிவிட்டார். "ஒகே இன்டி பேரு. அண்ணா செல்லெலு அண்டி. இந்தப் பெண்டிலி குதரது."

ஒரே வீட்டுப் பேராம், நாங்கள் அண்ணன் தங்கையாம், கல்யாணம் கூடாதாம்! "சில வருசத்துக்கு முன்னாடி எங்களுக்கு இந்தப் பேரே இல்ல சாமி!" என்று கத்தினேன். கஸ்தூரியின் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "சர்க்கார்ல சீல் குத்தி குட்த்துக்கிறான், இல்லன்றியா? பங்காளி வூட்டுல பொண்ணு குடுக்க நாங்க இன்னா மானங்கெட்டவங்களா?" வந்திருந்த சனம் முழுக்க அவர் பக்கம். உள்ளே கஸ்தூரி அழுகிற சத்தம் கேட்டது. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு நான் சித்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

நெய்க்கிண்ணம் மீசையில்லாமல் தரையில் படுத்திருந்தார். நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னேன். நீங்கள் வந்து உண்மையைச் சொன்னால்தான் எனக்குக் கல்யாணம் என்றேன்.

"தீட்டுல கீறேன் கோவிந்தா. சுப காரியம் நடக்கற வூட்டுக்கு எப்டி வருவேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பலமனேர் கிழவரு உங்களுக்கு யாரு சார்? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

மனுஷன் எழுந்து போய், பத்து நாள் முடியாமலே தலையில் தண்ணீர் ஊற்றித் தீட்டைக் கழித்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் அப்படிக் குளித்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான் தெருவில் போய் நின்றேன். இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மேற்படி மனுஷர் வாயை மூடிக்கொண்டு வந்த ஒரே பயணம் அது.

பெண் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலில் கொஞ்சம் நழுவப் பார்த்தார். "ராஜாவுக்கு ரெண்டு கிண்ணம் அண்டி. நெய்க்கு ஒருத்தரு, தயிருக்கு ஒருத்தரு..." என்று ஆரம்பித்தார். புரோகிதர் அவரை முறைத்தார். நெய்க்கிண்ணம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராஜாவும் இல்ல, கிண்ணமும் இல்ல," என்றார். "எங்க தாத்தா இன்னா பண்ணாருன்னு எனுக்கே தெரியாது. இவுங்க யாரும் எங்க வாள்ளு இல்ல. எனுக்கு ஒருத்தரும் இல்ல. நான் போனா இந்தப் பேரும் என் கூடவே பூடுமேன்னு பயம். கட்டம் காலியா இருந்துச்சி, எழுதிட்டேன்."

பெரியப்பா பாய்ந்தார். "சர்க்கார் காகிதத்துல பொய் எழுதுவியா? போலீசுல சொன்னா இன்னா ஆவும் தெரிமா?"

"தெரியும். சொல்லுங்க. இந்தப் புள்ளைங்க கல்யாணத்த மட்டும் நிறுத்தாதீங்க."

ரங்கசாமி மெதுவாகக் கேட்டார். "போன வருசம் எங்க அண்ணி செத்தப்ப மீச எட்த்துக்கினு வந்தியே. எங்கண்ணன் பக்கத்துலயே பத்து நாளு சோறு துன்னாம ஒக்காந்துக்கினு இருந்தியே. அதுவும் பொய்யா?"

"அது பொய்யில்ல," என்றார் நெய்க்கிண்ணம்.

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செத்துப்போனவள் அவருடைய மனைவி. போலீஸ் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பேரே பொய் என்றால் தடையும் இல்லை, யாராவது ஒரு பக்கம் பேரை விட்டுக் கொடுங்கள் என்றார் புரோகிதர். அடடா, அங்கே ஆரம்பித்தது அடுத்த கூத்து. "நாங்க குடுக்க மாட்டோம், எனுக்கு பழகிப்பூடுச்சி," என்றார் எங்கள் நைனா. "நாங்க மட்டும் இளிச்சவாயனுங்களா?" என்றார் ரங்கசாமி. இல்லாத ராஜாவின் இல்லாத கிண்ணத்துக்காகச் சம்பந்திகள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள்.

உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. "நைனா, வுட்டுத் தொலையேன்! இன்னிக்கி வுட்டா, தாலி கட்டனதும் அதே பேரு எனுக்கு தானா வந்துடப் போவுது. இதுக்குப் போயி இவ்ளோ சண்டயா?"

கூடியிருந்த சனம் சிரித்த சிரிப்பில் ஓலைப் பந்தல் ஆடியது. நெய்க்கிண்ணம் மட்டும் அழுதுகொண்டே, "மருமவ... நம்ம பேருக்கு முறையா வர்ற மொத மருமவ," என்று புரோகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நடந்தது. சமாசாரம் ஜில்லா முழுக்கப் பரவி, பேர் வாங்கினவர்கள் ஒவ்வொருவராக அதை நீக்கச் சொல்லி மனுப் போட வந்தார்கள். அந்த மனுக்களையும் நெய்க்கிண்ணம்தான் எழுதினார். வேறு யார் எழுதுவது? முத்து முத்தான கையெழுத்தில், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு நேதிகின்னெ என்ற பேர் எங்கள் குடும்பத்தில் மட்டும்தான் இருக்கிறது. பேரன் பேத்திகளோடு சேர்த்துப் பதினோரு பேர். கல்யாணமானாலும் பேரை மாற்ற மாட்டேன் என்று பெங்களூரில் இருக்கும் பேத்தி புருஷன் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டாளாம். பாட்டியின் வாய் அப்படியே வந்திருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து நெய்க்கிண்ணத்துக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்ல ரத்த சம்பந்தம் உள்ளவர் யாராவது வேண்டும் என்றார் டாக்டர். "உங்களுக்கு இவர் என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார். நெய்க்கிண்ணம் கட்டிலில் படுத்தபடி அவசரமாகச் சொன்னார். "பங்காளின்னு சொல்லிப்புடாத கோவிந்தா, தப்பு. எனுக்கு யாரும் இல்லன்னு நெசத்த சொல்லிடு."

"நான் இவரோட பெரிய மகன்," என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் எட்டு வருஷம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அந்த எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட, டாக்டரிடம் நான் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.