சண்டையில் வராத சொல்

யார் யாரை எப்படி வைதார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரிப்பதையே வேலையாக வைத்திருந்த மனுஷர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். புதுச்சத்திரம் களஞ்சியத்தார்.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உலகத்துச் சங்கதி எல்லாம் அடங்கிய களஞ்சியம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ஆகாயம், ஆடு எல்லாம் சுலபமாக முடிந்தன. ஆனால் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கூட்டம் போட்ட அந்தக் காலத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் புதுச்சொல் பிறந்தது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது? அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

தானே ஒரு சட்டம் போட்டார். மேடையில் பேசினால் கணக்கில்லை. பேப்பர் படிக்காத ஆள் கோபத்தில் சொல்லவேண்டும். அப்போதுதான் சொல்லுக்கு உயிர் வந்ததாக அர்த்தம்.

மல்லசமுத்திரத்தில் ஒரு மாமியார், மருமகள் வைத்த ரசத்தை, "பகிஷ்காரம்!" என்று கத்தித் தள்ளிவிட்டதாகக் கேள்வி. நடந்தே போனார். விசாரித்தார். ரசத்தையும் குடித்துப் பார்த்தார். நியாயமான பகிஷ்காரம்தான் என்று முழுப் பக்கம் கொடுத்தார்.

ஜேடர்பாளையத்து வண்டிக்காரர், ரோட்டில் படுத்துக்கொண்ட காளையை, "சத்தியாக்கிரகமா பண்றே?" என்று வைதார். காளை பதில் சொல்லவில்லை. அதனால் அரைப் பக்கம்.

சுயராஜ்யம் மட்டும் யார் சண்டையிலும் வரவில்லை. அதைச் சொல்லிக் கத்தியதற்குத்தான் அவருடைய ஒரே மகன் ஜெயிலில் இருந்தான். சேலத்து அச்சாபீஸ்காரர் 'ச' வரிசையை அச்சுக்கு ஏற்றப்போவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். சும்மா சேர்த்துவிடுங்கள் என்று ஊர்க்காரர்கள் நாங்கள் சொன்னோம். மகனுக்காகச் சட்டத்தை வளைக்கமாட்டேன் என்றார். மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

நான் மாட்டுத் தரகன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். வாய்க்கு வேலை இல்லை. ஆனாலும் அவருக்காக, சந்தையில் இன்னொரு தரகரோடு சண்டை போட ஏற்பாடு செய்துகொண்டேன். "எம் மாட்டுக்கு நீ வெல சொல்ல, உனக்கென்ன சுயராச்சியமா வந்துருச்சு?" என்று கத்தினேன். எனக்கே நன்றாக இருந்தது.

களஞ்சியத்தார் வந்து துண்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இரண்டு பேரும் விரலை விடாமல் பிடித்திருந்தோம். பழக்கம்.

"நெசமாச் சண்ட போடறவன் கையைப் புடிச்சுக்கிட்டா நிப்பான்? செல்லாது சாமி."

எங்களை வீட்டுக்கு இழுத்துப்போய், இந்தக் கள்ளச் சண்டையை மனைவியிடம் பிராது சொன்னார். மோர் கொண்டுவந்த அந்தம்மா சொம்பை நங்கென்று வைத்தார். பேப்பரைத் தொட்டே அறியாதவர்.

"ஏனுங்க, சுயராச்சியத்துக்குப் பெத்த பையனையே குடுத்தாச்சு. அதுக்கு ஒரு பக்கம் குடுக்க உங்களுக்கு இத்தன ரோசனையா?"

யாரும் மோரைத் தொடவில்லை. களஞ்சியத்தார் பென்சிலைத் தேடினார். காதில்தான் இருந்தது.

"இன்னொருக்கா சொல்லு அம்மிணி," என்றார்.

மூன்று பக்கம் எழுதினார். அந்தம்மா வைததுதான் முதல் வரி.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்றும் சந்தையில் யாரையாவது வைய நேர்ந்தால், துண்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, நிறுத்தி நிதானமாகத்தான் வைகிறேன். எழுதிக்கொள்ள அவருக்கு வசதியாக இருக்கட்டும்.