பின்படிக்கட்டு

"சார், இந்த ஜோடியும் திரும்பிப் போயிருச்சு," என்றாள் ஆயா நாகம்மா.

சுதர்சன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். கேட் வரை வந்த ஸ்கூட்டர் வட்டமடித்து, மாரெட்பள்ளிக் கடைத்தெருக் கூட்டத்தில் ஆட்டோக்களுக்கு நடுவே மறைந்துகொண்டிருந்தது.

"ஏன்? என்னாச்சு?"

"கீழ ஹால்ல அவங்க தெருக்காரம்மா இருந்தாங்க, எட்டாம் மாச செக்கப்புக்கு. 'நீங்க மாடிக்கா?'ன்னு ஒரு வார்த்தைதான் சார் கேட்டாங்க."

டாக்டர் விஜயகுமாரி இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரசவம் பார்க்கும் நர்சிங் ஹோம் அது. மாடியில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்குவதற்காக, ஐம்பத்தெட்டு வயதில் மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருந்தார். காற்றை வடிகட்டும் இயந்திரம், கருவை வளர்க்கும் இன்குபேட்டர், அரசாங்கப் பதிவு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர இரண்டு ஆண்டுகள் ஆயின. கருவுக்கு வாசனை ஆகாது என்பதால், சென்ட் பூசிக்கொண்டு லேபைப் பார்க்க வந்த சொந்தத் தம்பியையே படியிலிருந்து திருப்பி அனுப்பியவர் அவர்.

எல்லாம் தயார். முதல் கேஸ்தான் வரவில்லை. அதைக் கொண்டுவருவது நிர்வாகியான தன் பொறுப்பு என்று சுதர்சன் எடுத்துக்கொண்டான்.

வருகிறவர்களின் கூச்சம் அவனுக்குப் புரிந்தது. அவனுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மனைவி பத்மப்ரியா இரண்டொரு முறை, "உங்க டாக்டர்கிட்டயே ஒரு தடவை காட்டலாமேங்க," என்று கேட்டிருந்தாள்.

"வேலை பார்க்கிற இடத்துலயா? ஆயா வரைக்கும் என் மூஞ்சியைப் பார்த்துப் பரிதாபப்படுவா. மெட்ராஸ் போறப்ப பார்த்துக்கலாம்," என்று முடித்துவிட்டான். மெட்ராஸுக்கு இன்னும் டிக்கெட் போடவில்லை.

முதலில் மாடிப்படி ஓரத்தில் இருந்த மையத்தின் போர்டைக் கழற்றினான். மறுநாள் சைனிக்புரியிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் மருமகளோடு வந்தார். போர்டைக் காணோம். எதிர் ஜூஸ் கடை முன்னால் நின்று, பரேட் மைதானத்துக் குரலில், "குழந்தை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பண்ற இடம் எங்கே இருக்கு?" என்று கேட்டார். ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் வழி சொன்னார்கள். மருமகள் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்து, யாரையும் கேட்காமல், 'தோல், முடி ஆலோசனை' என்று ஒரு போர்டு மாட்டினான். அன்றே மல்லாபூர் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் ஜெயச்சந்திரன் என்பவர் தொப்பியைக் கழற்றியபடி மாடியேறினார். புது நர்ஸ், வருகிற ஆண்களிடம் சாம்பிள் வாங்கச் சொல்லியிருந்தபடி, அவர் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துத் தனியறையைக் காட்டினாள். பத்து நிமிடம் கழித்து அவர் டப்பாவில் மூன்று முடியோடு வெளியே வந்தார்.

"இவ்ளோதாம்மா தேறுச்சு," என்றார் மனமுடைந்து.

டாக்டர் தானே ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் போர்டைக் கழற்றினார்.

"பொய் சொல்லி ஒரு பேஷண்ட்கூட இந்தப் படி ஏற வேண்டாம் சுதர்சன்."

"சரி மேடம். பொய் இல்லாமலே மறைச்சுடலாம்."

அப்படிப் பிறந்ததுதான் பின்படிக்கட்டுத் திட்டம். சந்து வழியாக வரலாம். பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் வெயிலுக்காக முகத்தில் சுற்றும் துப்பட்டாவை உள்ளேயும் அவிழ்க்க வேண்டாம். நாகம்மா மணி அடித்தால் வராந்தாவில் யாரும் இருக்கக் கூடாது. ஏரியாவுக்கே தெரிந்த முகம் என்பதால் சுதர்சனே ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

"கைக்கு சார் இவ்ளோ ஒளிவு மறைவு?" என்றாள் நாகம்மா. அவள் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள்; அந்த ஊர் உருதுவில் 'ஏன்' என்பது 'கைக்கு', 'ஆமாம்' என்பது 'ஹவ்'. "திருடவா வர்றாங்க?"

"உனக்குப் புரியாது நாகம்மா. மணியை அடி."

திட்டம் பலித்தது. டோக்கன்கள் நகர்ந்தன. ஆனால் நாளில் பாதியை சுதர்சன் அட்டைப்பெட்டிகளோடு இருட்டில் கழித்தான். லேபுக்கு நைட்ரஜன் கொண்டுவந்தவர், கையெழுத்துப் போட ஆள் இல்லை என்று சிலிண்டரோடு திரும்பிப் போனார். பதினொன்றாம் நம்பர் வரும் நாட்களில் நாகம்மா மணியை இரண்டு தடவை அடித்தாள். அப்படியென்றால் அவன் உள்ளே முழுசாக முக்கால் மணி நேரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் அவனைக் கூப்பிட்டார்.

"பதினொண்ணாம் நம்பர் அம்மாவுக்கு எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சுது. நம்ம முதல் கேஸ் அவங்கதான். ஆனா புருஷன் வரணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடாம நான் ஒரு ஊசிகூடப் போட முடியாது."

"ஏன் மேடம் வரலை?"

"யாராவது பார்த்துடுவாங்கன்னு கூச்சமாம்."

சுதர்சனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மனுஷன் மேடம்! அந்தம்மா தன்னந்தனியா நாலு தடவை வந்துட்டுப் போயிருக்காங்க. அந்த தைரியத்துல கால்வாசி இருக்க வேண்டாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "நீங்களே சொல்லிப் பாருங்களேன்."

"என்னைப் பார்த்தா ஓடிடுவார் மேடம். வியாழக்கிழமை வரச் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

வியாழக்கிழமை சந்து வெறிச்சோடியது. வாட்ச்மேன் டீ குடிக்க அனுப்பப்பட்டார். ஜூஸ் கடைக்காரர் பெஞ்சைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார். வராந்தா விளக்கை அணைத்துவிட்டு, சுதர்சன் ஸ்டோர் ரூமில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மணி இரண்டு தடவை அடித்தது. ஒரு ஜோடிச் செருப்பு படியேறிக் கடந்து போனது. இன்னொரு ஜோடிக்காகக் காதைத் தீட்டினான். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகக் கதவோடு காதை ஒட்டவைத்தான். வந்துடுய்யா, இன்னிக்கு ஒரு நாளாவது வந்துடு என்று மனதுக்குள் கெஞ்சினான்.

கதவு திறந்தது. நாகம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அவர் வந்துட்டாரா?" என்றான் கிசுகிசுப்பாக.

"ஹவ் சார், காலையில ஒம்போது மணிக்கே வந்து ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சிக்கிட்டாரு, பத்மப்ரியாம்மா அவங்க கையெழுத்தைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க, எந்திரிச்சு வாங்க."