நைஸ் வில்லா

கேட்டில் பதித்திருந்த பித்தளை எழுத்துகளைப் படித்ததும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். நைஸ் வில்லா. வீட்டுக்கு வைக்க உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, இந்த ஓனர் தேடிப் பிடித்து இதையா வைக்க வேண்டும்?

"எதையும் படிக்காதீங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டே வாங்க" என்றாள் கணவனிடம்.

அவன் அதற்குள் படித்து முடித்திருந்தான். கண்ணில் அந்தப் பளபளப்பு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அதைக் காதல் என்று நினைத்து ஏமாந்தவள் அவள்.

அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் அகராதி. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். வைத்தவர்கள் அகராதி பிடித்தவன் என்ற பொருளில்தான் வைத்தார்கள். ஒரு சொல் காதில் விழுந்தால், அது எந்த ஊரில் பிறந்தது, யார் யார் வாயில் கெட்டுப்போனது என்று சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

அந்த வாயால் போன வீடுகள் கொஞ்சமா? உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஒரு வீட்டு ஓனரிடம், அவருடைய புஜத்தைத் தொட்டுக் காட்டி, 'மசில்' என்றால் லத்தீனில் சுண்டெலி என்று விளக்கினான். அந்த வீடு போயிற்று. கடன் வாங்கி வீடு கட்டிய இன்னொருவரிடம், 'மார்ட்கேஜ்' என்ற சொல்லுக்குள் சாவு ஒளிந்திருக்கிறது என்றான். அவருக்கு ஏற்கனவே ரத்த அழுத்தம். அதுவும் போயிற்று.

இப்போது குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள். பக்கத்துப் போர்ஷனில் ஜன்னல்களைக் கழற்றியாகிவிட்டது. இந்த மாடி வீடு கிடைக்காவிட்டால் சாமான் செட்டோடு தெருவில்தான் நிற்க வேண்டும். அதுவும் எப்பேர்ப்பட்ட வீடு. முதல் நாளே தரகர் அவளுக்குக் காட்டியிருந்தார். சமையலறையில் இவ்வளவு பெரிய ஜன்னல். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு நடந்தே போய்விடலாம். இந்த வீட்டை மட்டும் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

கைப்பையைத் திறந்தாள். லேபில் ஊசி குத்திய இடத்தில் வைக்கும் பஞ்சு எப்போதும் அதில் இருக்கும்.

"வாயைத் திறங்க."

திறந்தான். வலது கன்னத்துக்குள் ஒரு பெரிய உருண்டையாக அடக்கினாள்.

"உங்களுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கு. பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எப்போ?"

"இப்போதான்" என்று சொல்லிவிட்டு அழைப்புமணியை அழுத்தினாள்.

வீட்டுக்காரர் கப்பல் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, வாய்க்கு இல்லை. தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். வீடு அவர் சம்சாரம் பேரில் இருக்கிறது, ஆனால் பேசுவதெல்லாம் சார்தான், அம்மாவுக்குச் சுத்தமாகக் காது கேட்காது, சார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால் சாவி கைக்கு வந்துவிடும் என்று.

அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அவள் வணக்கம் சொன்னாள். கேட்காதே என்று நினைவு வந்து, இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.

"தொண்டைத் தண்ணியை வீணாக்காதீங்க" என்றார் மேனேஜர். "நல்லாத்தான் இருந்தா. ஒருநாள் காலையில நான் துறைமுகத்துக் கிரேனைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். பாதியில காது போயிடுச்சு."

அவள் உச்சுக்கொட்டினாள். பிறகு கணவனின் பல்லைப் பற்றிச் சொன்னாள். பேசாத ஆள் என்றதும் மேனேஜரின் முகம் மலர்ந்தது. இப்படிப்பட்ட குடித்தனத்தைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்லி, மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அதன்பிறகு செருப்பை எந்தத் திசை பார்த்து விட வேண்டும் என்பதில் ஆரம்பித்து, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், நங்கூரத்தின் எடை, தன் காலத்துக் கேப்டன்களின் அறியாமை என்று ஊர் உலகமெல்லாம் சுற்றி வந்தார். அவள் தலையாட்டினாள். அகராதியும் தலையாட்டினான். கழுத்து வலித்தாலும் காரியம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு சுற்று தலையாட்டினால் சாவியைத் தொட்டுவிடலாம்.

"வீட்டுப் பேரைக் கவனிச்சீங்களா?" என்றார் மேனேஜர்.

"கவனிக்கலை சார்" என்றாள் அவசரமாக.

"கவனிக்கணும். பிரான்ஸ்ல கடலோரமா ஒரு ஊரு. நீஸ்னு சொல்வாங்க. எழுத்து அதே எழுத்து. அந்த ஊரோட அழகைப் பார்த்துட்டுத்தான் இங்கிலீஷ்காரன், நல்லா இருக்கிறதுக்கெல்லாம் நைஸ்னு சொல்ல ஆரம்பிச்சான். நான் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துட்டு வந்தவன்."

அகராதியின் காது சிவந்தது. அவள் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். பாவம், அவன் என்ன செய்வான். போன வாரம் முழுக்க அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து பொருள் எழுதியதே அந்த ஒரு சொல்லுக்குத்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு துப்பினான்.

பஞ்சு மேஜைமேல், சாவிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. ஒரு பொட்டு ரத்தமில்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இல்லை சார்" என்றான் அகராதி.

மேனேஜர் பஞ்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பல்லு?"

"வலி குறைஞ்சிருக்கும் சார்" என்றாள்.

அகராதி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அந்த ஊருக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றான். ஊரின் பெயர் வெற்றி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். நைஸ் பிறந்த இடம் லத்தீன்.

"லத்தீன்ல என்ன அர்த்தம்?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம் சார்."

மேனேஜரின் பார்வை ஜன்னல் வழியாகக் கேட்டிலிருந்த பித்தளை எழுத்துகளுக்குப் போய்த் திரும்பியது. அவள் குறுக்கே புகுந்தாள்.

"அது அந்தக் காலம் சார். அப்புறம் மாறியிருக்கும். மாறிச்சுதானேங்க?"

"மாறிச்சு. முட்டாள்னு ஆச்சு."

"அதுக்கும் அப்புறம்?"

"ஒழுக்கம் கெட்டவன்."

நல்ல அர்த்தத்துக்கு நேராகப் போய்விடும்படி அவள் கண்ணால் கெஞ்சினாள். நடுவில் சில நூற்றாண்டுகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவன் வாயாலேயே கேட்டான். அடுத்ததாக, எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிப்பவனுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது என்றான். ஜன்னலோரம் ஊசி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

தமிழில் அந்தச் சொல் புழங்கும் விதத்தைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நம் வீடுகளில் மாவை நைஸாக அரைத்தேன் என்றுதானே சொல்கிறோம், எவ்வளவு நல்ல வார்த்தை என்றாள். அகராதி பூரித்துப் போனான்.

"அற்புதம். அந்த நுணுக்கமான அர்த்தம் பழைய இங்கிலீஷ் புழக்கத்துலேயும் இருக்கு. ஆனா நைஸா நழுவிட்டான்னும் சொல்றோம். நைஸா பேசிக் கவுத்துட்டான்னும் சொல்றோம்."

"இங்கே யாரைக் கவுக்கிறதுக்கு வந்தீங்க?" என்றார் மேனேஜர், பஞ்சின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு. பிறகு குரலை இழுத்து, "சரி, வில்லாவாவது நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

அவள் எட்டிக் கணவனின் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாகப் பதில் வந்துவிட்டது. "வில்லனும் அதுவும் ஒரே வேர் சார்."

மேனேஜர் எழுந்தார். என்னிடமும் டிக்‌ஷனரி இருக்கிறது, இப்போதே பார்த்துவிடலாம் என்றார். இருந்தது. கோப்பைகள் அடுக்கிய ஷோகேஸின் ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் இருந்தது. வேண்டாம் சார் என்று அவள் சொல்வதற்குள் குனிந்து உருவிவிட்டார். ஷோகேஸ் சாய்ந்தது. அவளும் அகராதியும் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் முட்டுக்கொடுத்தார்கள். ஒரு வெள்ளிக் கோப்பை மட்டும் தப்பி விழுந்து, கடகடவென்று ஜன்னல் பக்கம் உருண்டது. அந்த அம்மா தையலிலிருந்து கண்ணை எடுக்காமலே காலைத் தூக்கிக்கொண்டார். கோப்பை அடியில் புகுந்து சுவரில் போய் முட்டியது.

மேனேஜர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒட்டிக்கிடந்த பக்கங்களைப் பிரித்தார். விரல் மெதுவாக இறங்கியது. உதடு அசைந்தது. விரல் மறுபடி மேலே போய், மறுபடி இறங்கியது.

நிமிர்ந்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். கடைசியில் கையை மட்டும் வாசல் பக்கம் நீட்டிவிட்டு, டிக்‌ஷனரியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷோகேஸின் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு மணைக்கட்டையைச் செருகி நிமிர்த்திவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். அவள் முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். அந்தச் சமையலறை ஜன்னலை நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

"கடைசியில இனிமையானதுன்னுதான் முடியுது. அதைச் சொல்றதுக்குள்ள அவர் எழுந்துட்டார்" என்றான் அகராதி பின்னாலிருந்து.

திட்ட வேண்டும் என்றுதான் திரும்பினாள். ஆனால் அவன் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. பேச்சிலேயே ஊரை விலைக்கு வாங்கும் மனிதரை வாயடைத்து உட்கார வைத்துவிட்டு வருகிறான். வீடு போன துக்கத்துக்கு நடுவிலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைமேல் அவளுக்கே கோபம் வந்தது.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். தோளில் பட்டன் தைத்த சட்டை, கையில் சாவி. வந்ததும் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

அவள் பதறிப்போய், சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டதைக் கையை ஆட்டி ஜாடை காட்டினாள்.

"வீடு என் பேர்ல இருக்கு. நாளைக்கே சாமானை இறக்கிடுங்க. ஒரே ஒரு கண்டிஷன். வாரத்துக்கு ஒரு தடவையாவது உன் வீட்டுக்காரர் கீழே வந்து அவரோட பேசிட்டுப் போகணும்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் அந்த அம்மாவின் காதருகே குனிந்து, தெருமுனை வரை கேட்கும்படி, கட்டாயம் அனுப்புகிறேன், பஞ்சு வைக்காமல் அனுப்புகிறேன் என்று கத்தினாள்.

அந்த அம்மா காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கத்தாதேம்மா. உன் வீட்டுக்காரர் பல்லு பிடுங்கின மாதிரிதான் எனக்குக் காது கேக்காததும்."