அக்கா திருப்பி அனுப்பிய மின்விசிறி

அன்பும் அதிகாரமும் ஒருங்கே வாய்த்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் பாப்பாவும் நலம் என்று மாமா அனுப்பும் போட்டோக்களைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறேன். இதைத் தாளில் எழுதித் தபாலில் போடக் காரணம் உண்டு. நாம் இருவரும் எழுதுகிற அந்த மெயில் குழுவில் நான் தும்மினால்கூட உலகமே படிக்கிறது.

நான் செய்த குற்றம்தான் என்ன? எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் போர்டில் மின்விசிறியை ஓட்டும் சிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஆட்டிவைக்கிற கெர்னலுக்குக் கண் கிடையாது, எந்த சிப் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதில் போய்ச் சேர்கிறது என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை எப்படி எழுதுவது என்று சொல்ல ஒரு விதிமுறைக் கோப்பு வேண்டும், அந்தக் கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது உன் பொறுப்பு, எல்லாம் சரி. ஆனால் முதல் பதிப்பைப் பார்த்துவிட்டு, "தாங்கள் இதைச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை" என்று எழுதினாயே, யார் அக்கா அந்தத் 'தாங்கள்'? பிறந்ததிலிருந்து 'டேய்' தவிர வேறெதுவும் சொல்லி என்னைக் கூப்பிடாதவள் நீ. அடுத்த முறை, இடைவெளி விட வேண்டிய இடத்தில் டேப் பட்டனைத் தட்டியிருக்கிறேன் என்றாய். அதற்கடுத்த முறை, கோப்பின் கடைசியில் நானே எழுதிய எடுத்துக்காட்டு, மேலே நானே எழுதிய விதிக்குக் கட்டுப்படவில்லை என்றாய். முதுகுக்குப் பின்னால் நின்று படித்த டீம் லீடர், "இவங்க உன் சொந்த அக்காவா? சின்ன வயசுல எப்படிப்பா தப்பிச்ச?" என்று கேட்டுவிட்டு, இந்தக் கோப்பு இந்த முறையும் கெர்னலில் ஏறாவிட்டால் சிப்பையே மாற்றிவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை மாத உழைப்பு அதில்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் அம்மா. நீ போன் செய்வதில்லை, நானும் செய்வதில்லை, பிள்ளைகள் இரண்டும் பேசிக்கொள்கிற ஒரே இடம் இதுதான் என்று தெரிந்து, அவள் அந்தக் குழுவிலேயே சேர்ந்துவிட்டது உனக்குத் தெரியும். நீ மறுபடி திருப்பி அனுப்பிய அன்று எனக்குப் போன்: "என்னடா, உன்ன வேணாம்னு சொல்லிட்டாளாமே?" நான் விளக்குவதற்குள் அவள் குழுவுக்கே எழுதிவிட்டாள்: "கண்ணு, தம்பி பாவம், இந்த ஒரு தடவை விட்டுக்கொடு." எங்கேயோ இருக்கும் ஒருவர் வெகு சிரத்தையாக, பதிலை மேலே எழுதக் கூடாது, முந்தைய மெயிலின் மேற்கோளுக்குக் கீழேதான் எழுத வேண்டும் என்று அவளுக்கு அறிவுரை சொன்னார். அம்மா மன்னிப்புக் கேட்டு, அதே வரியைக் கீழே எழுதினாள். இன்னொருவர், இதை என் கோப்புக்கு அம்மா தந்த முறையான ஒப்புதலாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நீ அதற்கும் அசரவில்லை. "அம்மாவின் கருத்துக்கு நன்றி. சிப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் எழுதப்படவில்லை." அவ்வளவுதான், அம்மா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். "அவ கேக்கறது நியாயம்தானே? கரண்ட் எங்கேருந்துடா வருது?" பதில் சொல்ல வேண்டுமே என்று போர்டை எடுத்து வைத்துக்கொண்டு கம்பி கம்பியாகப் பார்த்தேன். மின்சாரம் நேராக வரவில்லை, நடுவில் ஒரு சுவிட்ச் வழியாக வருகிறது. நான் அதை எழுதாததால், இந்த சுவிட்ச் யாருக்கும் தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்து கெர்னல் சமர்த்தாக அணைத்துவிடுகிறது. மெஷின் சூடாகும் நேரம் பார்த்து விசிறி நின்றுபோனதற்கு விசிறிக்கடைக்காரரை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. சரி, நீ கேட்டது சரிதான், சுவிட்சையும் கோப்பில் சேர்த்துவிட்டேன். அதுவல்ல இப்போது பிரச்சினை. நீ கேட்ட தோரணைதான் பிரச்சினை.

ஆகவே தீர யோசித்து ஒரு முடிவெடுத்திருக்கிறேன். சொந்தக்காரர் அல்லாத ஒருவர் என் கோப்பைப் பார்க்கட்டும் என்று குழுவின் பொறுப்பாளருக்கு எழுதிவிட்டேன். இனி நீ என் அக்கா மட்டும். ரத்தபாசத்துக்கும் மின்விசிறிக்கும் சம்பந்தம் வேண்டாம்.

மாமாவுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள், கழுத்து வலிக்கிறது என்று மாமா சொன்னார்.

இப்படிக்கு,
உன்னால் பலமுறை நிராகரிக்கப்பட்ட,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், பொறுப்பாளர் என் கோப்பைக் கொடுத்த புதிய மனிதர் பதில் அனுப்பிவிட்டார். ஒரே வார்த்தை: "நன்று." திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. டீம் லீடர் கை குலுக்கினார். அம்மாவுக்குப் போன் செய்தால், "அக்கா பாத்தாளா? அவ பாக்கலைன்னா அது சரியில்லடா" என்று வைத்துவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பொறுப்பாளருக்கு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், கோப்பை உனக்கே அனுப்பியிருக்கிறேன். நீயே பார் அக்கா. 'தாங்கள்' என்றே எழுது, பரவாயில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் ஏதாவது ஒரு குறை சொல். சும்மா 'நன்று' என்று மட்டும் எழுதிவிடாதே, பயமாக இருக்கிறது.